எதையும் மாத்தாதீங்க

அந்த ரெடிமேட் துணிக்கடையில் அவருக்குக் காலரண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவர் யாரானாலும் சரி, இவர் பின்னால் போய் நின்று, இரண்டு விரலால் காலரை நிமிர்த்தி, தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இப்பப் பாருங்க சார்" என்பார். அந்த ஒரு தட்டிலேயே முக்கால்வாசி வியாபாரம் முடிந்துவிடும். வாசல் கதவு லேசாக அசைந்தாலே போதும், "வாங்க" என்ற சிரிப்பு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடையை மூடிய பிறகும் அது லேசில் இறங்காது. தூங்கும்போதுகூட யாரோ சட்டை வாங்க வந்த மாதிரியே படுத்திருக்கிறார் என்று அவர் மனைவி சொல்வாள்.

ஒரே மகள். சினிமாதான் படிப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். இவர் மட்டும், "படிக்கட்டுமே, சட்டை விக்கிறதுக்கு நான் என்ன சர்ட்டிபிகேட்டா வச்சிருக்கேன்" என்றார். அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். சாயங்காலம் அப்பா கடையை விட்டு நடந்து வரும் நேரம் பார்த்துத் தினமும் போன் செய்வாள். தெருமுனையிலிருந்து வீட்டு வாசல்வரை பேச்சு ஓடும். வாசலில் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் செருப்பைக் கழற்றுவார். போன் வராத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை.

கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் கொடுத்தால்தான் தேர்ச்சி. மகள் எழுதியிருந்த கதை ரொம்பச் சின்னது. ஒரு அப்பா, ஒரு மதிய நேரம், தூரத்தில் இருக்கும் மகளின் போனுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருக்கிறார். போன் வரவில்லை. அவ்வளவுதான் படம், வசனமே கிடையாது. நடிக்கிறேன் என்று சொல்லியிருந்த நாடகக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் மகள், கல்லூரிக் கேமராவையும் கூடப் படிக்கும் கேமராக்காரனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம் அவன். பார்த்த மாத்திரத்தில் அம்மா அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தாள். ரொம்ப நாளாகக் கைக்கு எட்டாமல் கிடந்த மூலை ஒட்டடையையும் அவனை வைத்தே அடித்து முடித்தாள்.

"அப்பா, நீங்கதான் நடிக்கிறீங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணுமே தெரிய வேணாம். உட்கார்ந்து போனைப் பாருங்க. அது போதும்."

நடு அறை ஜன்னல் பக்கம் பிரம்பு நாற்காலியைப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு குட்டி மேஜை. அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரும் அவருடைய சொந்தப் போனும். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் பச்சை டேப்பை ஒட்டினான் ஒட்டடைக்குச்சி. போன் எந்தக் கோணத்தில் கிடக்க வேண்டும் என்று அதற்கும் மேஜையில் ஒரு டேப். நாடகக்காரருக்கென்று எடுத்து வைத்திருந்த வெளிர்நீலச் சட்டையை மகள் கொண்டுவந்தாள். அதில் இரண்டாவது பொத்தான் கிடையாது. பொத்தான் இல்லாத சட்டையை வாழ்நாளில் தொட்டே பார்க்காத மனிதர், ஊசிநூல் தேடப் போனார். அதுதான்பா வேணும் என்று மகள் இழுத்துப் பிடித்து உட்கார வைத்தாள். லீவு போட்டிருந்ததால் முகத்தில் முள்முள்ளாக முளைத்திருந்த தாடியும் அவளுக்குப் பிடித்துப் போனது. இடது கையை மட்டும் மடித்துவிட்டு, வலது கையைத் தொடக் கூடாது என்றாள்.

"கேமராவுல இந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம். அப்ப இந்தப் பக்கம் பார்க்காதீங்க."

அவர் உட்கார்ந்தார். போனைப் பார்த்தார். தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு ஒட்டடைக்குச்சி தம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, கேமராவைக் கிட்டே கொண்டுவந்து, அதையே திரும்பச் செய்யச் சொன்னான். செய்தார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கை மாறிடுச்சுப்பா."

"எந்தக் கை? எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே. எதுல குடிச்சா என்ன, தண்ணி ஒரே வாய்க்குள்ளதானே போகுது?"

அவள் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து, முதலில் எடுத்ததையும் அடுத்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினாள். திரையில் ஒரு மனிதர் வலது கையால் தம்ளரை எடுக்கிறார், இடது கையால் குடிக்கிறார். அரைத் தம்ளராக இருந்த தண்ணீர் கண் இமைக்கும் நேரத்தில் முக்கால் தம்ளர் ஆகிறது. காலரண்ணன் அசந்துபோனார். ஏதோ அவரே சொந்தமாக மோசடி செய்து கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல அசடு வழிந்தது.

"பார்க்கிறவங்களுக்கு இது ஒரே மதியம்பா. நமக்குத்தான் இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். நடுவுல நாம போய் வந்தது அவங்களுக்குத் தெரியக் கூடாது. எதுவும் மாறக் கூடாது. கண்டினியூட்டின்னு சொல்லுவோம்."

அந்த வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. அலமாரியில் அடுக்கிய சட்டையில் ஒன்று அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது. தன் குணத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. மதியம் முழுக்கக் கண்ணும் கருத்துமாக நடித்தார். கையை மாற்றவே இல்லை. முகத்தை என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பாதிதான் முடிந்தது. வெயில் இறங்கி ஜன்னல் மங்கிவிட்டது. மறுநாள் காலையில் கேமரா மூச்சுவிடவில்லை; கல்லூரிக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும் என்றான் ஒட்டடைக்குச்சி. அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள்.

"அடுத்த வாரம் வந்துடுறோம்பா. அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் படத்தில் தெரிகிறது, அதில் மணி நாலு பத்து. பேட்டரியைக் கழற்றி முள்ளை நாலு பத்தில் நிறுத்தினார். தம்ளரில் தண்ணீர் தானாகவே குறைவதைக் கண்டுபிடித்து, கேமராவுக்குத் தெரியாத பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு துண்டு டேப்பை ஒட்டி, தினமும் காலையில் அந்த அளவுக்கு ஊற்றி வைத்தார். திரைச்சீலை பாதி திறந்தது திறந்தபடி. சட்டையைத் துவைக்கக் கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தொங்கவிட்டார். கவரைத் தாண்டியும் அது தன் இருப்பை அறைக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெரிய பாடு தாடிதான். வளரவும் கூடாது, எடுக்கவும் கூடாது. படம் எடுத்த அன்றைக்கு எடுத்து மகள் அனுப்பிய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சீப்பும் குட்டிக் கத்தரிக்கோலுமாகத் தினமும் கண்ணாடி முன் நின்று அதே முள் அளவுக்கு வெட்டிவிடுவார்.

மனைவிக்கு மதியத்தில் கொஞ்சம் சாய்ந்து உட்கார இருந்த ஒரே இடம் அந்தப் பிரம்பு நாற்காலி. அது இப்போது பச்சை டேப்புக்குள் சிறைப்பட்டிருந்தது. பெருக்கும்போது டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள். பொரிந்து தள்ளினாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு டிவி சீரியலில் தப்பு வேறு கண்டுபிடிக்க ஆரம்பித்தார். "அந்த மாமியார் உள்ள போகும்போது கையில ரெண்டு வளையல், வெளிய வரும்போது மூணு பாரு" என்பார். மாமியார் என்ன சொன்னாள் என்பது மனைவிக்குக் கேட்காமலே போய்விடும்.

அடுத்த வாரம் வந்தது, மகள் வரவில்லை. கேமரா இன்னும் சரியாகவில்லை என்றாள். அதற்கடுத்த வாரம், பரீட்சை என்றாள். அதற்கப்புறம் போனில் என்ன சொன்னாள் என்று அவரால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. ஏதோ பூசி மெழுகினாள். தெருமுனையிலிருந்து வாசல்வரை ஓடும் பேச்சு, பாதித் தெருவிலேயே தீர்ந்துபோக ஆரம்பித்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. பிறகு, "அப்பா, கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்." அந்த அப்புறம் எப்போது என்று கேட்க அவருக்கு நாக்கு வரவில்லை. படம் எடுப்பவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படம் முடியாவிட்டால் அவள் தேற மாட்டாள் என்ற கவலை ஒரு பக்கம். தான் இங்கே ஏதாவது ஒன்றை அசைத்துவிட்டால் அந்தப் படமே கெட்டுப்போகும் என்ற பயம் இன்னொரு பக்கம்.

கடை முதலாளியும் எத்தனை நாள்தான் பொறுப்பார்.

"அண்ணே, தாடி வைக்கிறதுன்னா வைங்க, எடுக்கிறதுன்னா எடுங்க. ரெண்டுங்கெட்டானா நிக்காதீங்க. வர்றவங்க உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க."

"பொண்ணு படம் முதலாளி. பாதியில நிக்குது."

"எப்ப முடியும்?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். முதலாளி கெட்டவர் இல்லை. படம் முடியும்வரை பின்பக்கக் குடோனில் சரக்கு பிரிக்கச் சொன்னார். எத்தனையோ வருடமாகக் கடை வாசலையே பார்த்து நின்றவர், ஜன்னல் இல்லாத அறையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அங்கே கண்ணாடியும் கிடையாது, காலரை நிமிர்த்திவிட ஒரு கழுத்தும் கிடையாது. கதவு அசைந்தால் அது இன்னொரு பெட்டிதான். சிரிப்பதற்கு அங்கே யாரும் வரவில்லை. போனை மட்டும் பெட்டிமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வார்.

இதற்கிடையில் ஒருநாள் மனைவி கடிகாரத்துக்குப் பேட்டரியைப் போட்டுவிட்டாள். வந்து பார்த்தவர் ஸ்டூலில் ஏறி, பேட்டரியைக் கழற்றி, முள்ளைத் திருப்பி நாலு பத்தில் வைத்தார்.

"எத்தனை நாளைக்குங்க இப்படி?"

"அவ வர்ற வரைக்கும்."

"அவ மறந்துட்டா."

ஸ்டூல் மேலேயே நின்றார். இறங்க அவருக்குத் தோன்றவில்லை.

"மறக்க மாட்டா" என்றார் கடைசியில். "மறந்தா மறந்துட்டேன்னு சொல்லிடுவா."

மறந்துட்டா என்று சொன்ன பிறகு மனைவிக்கும் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து டேப்பைச் சுற்றிப் பெருக்கும்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவர் மறந்துபோன காலைகளில் தம்ளருக்குத் தண்ணீரும் அவளே ஊற்றி வைத்தாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் மகள் வந்து நின்றாள். பின்னால் கேமராப் பையோடு ஒட்டடைக்குச்சி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், நடு அறையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

பச்சை டேப்புக்குள் நாற்காலி. பாதி திறந்த திரைச்சீலை. அரைத் தம்ளர் தண்ணீர். நாலு பத்து. அவள் போனை எடுத்து அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்துத் தாடியைப் பார்த்தாள்.

"எதையும் மாத்தலம்மா" என்றார் அவர். அந்த வார்த்தையை எத்தனை நாளாகவோ வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தவர்போல வேகமாகச் சொன்னார். "சட்டை கவர்ல இருக்கு. துவைக்கல. இரு, போட்டுட்டு வந்துடுறேன். என்னமோ சொல்லணும்னியே?"

மகள் வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள். "அப்புறம் சொல்றேன்பா. முதல்ல எடுத்துடுவோம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, இடது கையை மட்டும் மடித்துவிட்டு, டேப்புக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போனை டேப்பின் கோணத்துக்குச் சரியாக வைத்தார். எதிரே மகளும் ஒட்டடைக்குச்சியும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒட்டடைக்குச்சி தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். மகளே கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஆரம்பிக்கலாம்பா. போனைப் பாருங்க."

பார்ப்பதற்கு முன்னால், ஒரு பழக்கத்தில், அவர் கண் கேமரா பக்கம் போனது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

மறந்துவிட்டாள் போல என்று முதலில் நினைத்தார். சொல்லலாமா என்று வாயெடுத்தார். அப்போதுதான் சுவரோரம் நின்ற ஒட்டடைக்குச்சி தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். எல்லாம் புரிந்துபோயிற்று. இந்தப் படம் இல்லை. எப்போதோ இல்லை என்று ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்தாள். அறையைப் பார்த்ததும் சொல்ல மனசு வராமல், அப்பனுக்காக எடுப்பதுபோல நடிக்கிறாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. பாவம், குழந்தை நடிக்கிறது, நாமும் கூட நடிப்போம் என்றுதான் இருந்தது. போனைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, குடோனில் பெட்டிமேல் அது கிடந்த கிடை நினைவுக்கு வந்தது. தெருமுனையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போவதற்குள் வந்துவிடும் என்று நடையைக் குறைத்துக் குறைத்து வந்த சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. இவ்வளவு கிட்டத்தில், நாலடி தூரத்தில் மகள் நிற்கிறாள். இன்னமும் அவள் எதையும் சொல்லவில்லை. அவர் தம்ளரை எடுக்கவில்லை. எந்தக் கை என்பதையே மறந்திருந்தார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அந்த அறையில் யாருக்கும் தெரிய வழியில்லை. ஏதோ தோன்றி நிமிர்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மகளின் கன்னம் நனைந்திருந்தது.

அவள் விளக்கை அணைத்துவிட்டு வந்து, டேப்பை மிதித்துக்கொண்டு, தரையில் அவர் கால் பக்கம் உட்கார்ந்தாள். பச்சை டேப் ஒரு பக்கம் பிய்ந்து அவள் உடையில் ஒட்டிக்கொண்டது.

"முதல்ல எடுத்ததை எங்க சார் பார்த்தார்பா. இவர் காத்திருக்கலியேம்மா, கடையைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்காருன்னார். ஆளை மாத்துன்னார். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போன் பண்ணினா சொல்ல வேண்டியிருக்கும்னு போனே பண்ணல."

"இதைச் சொல்லியிருக்கலாமேம்மா. எனக்கு நடிக்க வராதுன்னு எனக்கே தெரியும்."

"இப்ப வந்துச்சுப்பா."

"அப்பாடா. அப்ப அதையும் இதையும் சேர்த்து ஒட்டிடலாம்தானே? அதுக்குத்தானே எல்லாம் அப்படியே வச்சிருந்தேன்."

மகள் தலையை ஆட்டினாள். "ஒட்டாதுப்பா. நாற்காலி ஒட்டும், சட்டை ஒட்டும், தாடிகூட ஒட்டும். முகம் ஒட்டாது. அது வேற ஆளு, இது வேற ஆளு." உடையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தெடுத்தாள். "நான்தான் மாத்திட்டேன்."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள் மகள். "பழசை விட்டுடுவோம். நாளைக்கு முதல்லேர்ந்து, இதே முகத்தோட, எல்லாத்தையும் திரும்ப எடுத்துடலாம்."

காலரண்ணன் யோசித்தார். கண்டினியூட்டி விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"நாளைக்கு இந்த முகம் வராதும்மா" என்றார். "நீதான் வந்துட்டியே."

ஒட்டடைக்குச்சிதான் முதலில் சிரித்தான். பிறகுதான் மகள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பதிவானது எவ்வளவு என்று இருவரும் போட்டுப் பார்த்தார்கள். வெட்டே இல்லாமல் ஒரே துண்டு. ஒரு அப்பா, ஒரு ஜன்னல், ஒரு போன். அதுவே போதும் என்று முடிவாயிற்று. வெட்டு இல்லாத படத்துக்குக் கண்டினியூட்டி தேவைப்படாது என்பதை மகள் அவரிடம் ரொம்பத் தயங்கித்தான் சொன்னாள். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி ஊற வைத்துவிட்டு, ஊசிநூலை எடுத்துக்கொண்டு பொத்தான் டப்பாவைத் துழாவ ஆரம்பித்தார்.

மனைவி பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அந்தப் பேட்டரியை எங்கங்க வச்சீங்க" என்றாள்.